தொப்பி போட்டால் வரும் கோளாறு

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் பூசைக்குக் கிளம்பிப் பவுடர் போட்டு நிற்கிறேன். என் வீட்டுக்காரர் கேப்ரியல் குசினி மேசையில் குனிந்து உட்கார்ந்து, பல் விளக்கும் பிரஷ்ஷால் ஒரு குட்டி டயரில் அப்பியிருந்த செம்மண்ணைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அது என்னுடைய பிரஷ். இப்படிப்பட்ட மனுஷனை என்ன செய்வது என்று ஃபாதரிடமே கேட்டேன். "பொறுமையா ஜெபம் பண்ணும்மா" என்றார். அவருக்கென்ன, அவர் பிரஷ் அவரிடம் பத்திரமாக இருக்கிறது.

தொண்ணூறாம் வருஷம் அது. சிரம்பானிலிருந்து கோலா பிலா போகிற வழியில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்து வரிசையில் எங்கள் வீடு. அவர் பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டினார், நான் மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கினேன். ஆறு நாள் உழைத்தவன் ஏழாம் நாள் ஓய்வெடுக்க வேண்டும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். இவரோ ஆறு நாள் லாரி ஓட்டிவிட்டு ஏழாம் நாள் முழங்கை நீளத்தில் ஒரு கார் ஓட்டினார். கையில் ஒரு ரேடியோ பெட்டி. இங்கே குச்சியைத் தள்ளினால் அங்கே கார் திரும்பும், பாயும், மேட்டில் ஏறிக் குதிக்கும். சிரம்பானை ஒட்டிய அம்பாங்கானில், கடைகளுக்குப் பின்னால் இருந்த காலித் திடலில் செம்மண்ணைக் குவித்து வளைவும் மேடுமாகத் தடம் போட்டிருந்தார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு அங்கே ரேஸ். பொம்மைக் கார் என்று நான் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "பொம்மை இல்ல இசபெல், பக்கி" என்பார். பேரைச் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அதைத் தயார் செய்கிற அழகைப் பார்க்க வேண்டுமே! எங்கள் கல்யாணத்துக்குக்கூட மனுஷன் இவ்வளவு தயாராகவில்லை. சக்கரத்துக்குச் சக்கரம் ஸ்பிரிங் சுற்றிய எண்ணெய்க் குழாய் ஒன்று உண்டு, குதிக்கும்போது அடி தாங்குவதற்கு. எண்ணெய் கெட்டியாக இருந்தால் கார் கல்லுப் போலத் துள்ளுமாம், தண்ணியாக இருந்தால் வயிறு தரையில் இடிக்குமாம். கடை எண்ணெய் பிடிக்காமல் தையல் மிஷின் எண்ணெயைக் கலந்து பார்த்தார். அப்புறம் என் தேங்காயெண்ணெயைக் கலந்தார். கொஞ்ச நாள் அந்தக் கார் தலைவாரிப் பூ வைத்த பெண் மாதிரி மணத்தது. வயிறு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்க்கத் தீப்பெட்டி. அது உரசாமல் நுழைந்தால் உயரம் அதிகம், நுழையவே இல்லையென்றால் குறைவு, உரசிக்கொண்டே நுழைந்தால் சரி. இதற்காக அடுப்புப் பற்றவைக்கிற தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நான் குசினியில் நின்று கத்துவேன்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? காரைப் பிடிக்க ஆள் வேண்டுமே. லயத்துக்கு நடுவில் இருக்கிற பாதையில் நான் காரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் ரேடியோ பெட்டியோடு தூர தூரப் போய்க்கொண்டே, "திரும்புதா? திரும்புதா?" என்று கத்துவார். சிக்னல் எதுவரை எட்டுகிறது என்று சோதனையாம். லயத்துச் சனம் மொத்தமும் வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

ஒருநாள் அப்படி நிற்கும்போதுதான் பக்கத்து வீட்டு மயிலம்மாள், இடுப்பில் ஒன்றும் காலடியில் இரண்டுமாக நின்றுகொண்டு சொன்னாள்: "ஏண்டி இசபெல், ரிமோட்டுலல்லாம் பிள்ளை வராதுடி!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காரை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய், சோற்றுப்பானைக்கு முன்னால் நின்று அழுதேன்.

கல்யாணமாகி எட்டு வருஷம், பிள்ளை இல்லை. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்க வைத்து, ரத்தம் எடுத்து, படம் எடுத்து எல்லாம் பார்த்தாகிவிட்டது. "உங்ககிட்ட ஒரு குறையும் இல்லம்மா. அடுத்த தடவை வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. அந்த அடுத்த தடவை இரண்டு வருஷமாக வரவில்லை. கூப்பிட்டால், "எனக்கு என்னா கோளாறு? எங்கப்பாவுக்கு ஒம்பது பிள்ளைங்க" என்பார்.

"அது உங்கப்பாவோட சாமர்த்தியம்" என்பேன். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவார்.

மயிலம்மாள் கெட்டவள் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். மறுநாள் பழம் பொறுக்கும்போது பக்கத்தில் வந்து, "கோவிச்சுக்கிட்டியா? வா, வீரமுத்து அண்ணன்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றாள். வீரமுத்து மருந்தடிக்கிற கும்பலை வேலை வாங்குகிற மண்டோர். வெள்ளிக்கிழமையானால் ஆலைப் பாதையில் இருக்கிற முனீஸ்வரன் கோயிலுக்குப் பூசாரி. நானோ மாதா சபைத் தலைவி. அங்கே போகலாமா? போனேன். முனீஸ்வரன் முன்னால் நின்றதும் பழக்கதோஷத்தில் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டுவிட்டது.

"பரவால்லம்மா, போடு. அவரு அதெல்லாம் கண்டுக்க மாட்டாரு" என்றார் வீரமுத்து. சாமிக்குச் சுருட்டும் ஒரு போத்தல் ஸ்டவுட் பீரும் வைத்தோம். உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகட்டில் கட்டம் கீறி, விபூதி தடவிக் கொடுத்தார். "வீட்டுக்காரரு தினம் கை வைக்கிற எடத்துல வை. தலகாணிக்குக் கீழ வச்சாக்கூடப் போதும். அவருக்குத் தெரியக் கூடாது."

தலையணைக்குக் கீழே வைத்தால் தெரியாமல் இருக்குமா? படுத்ததும் இரண்டு குத்துக் குத்திப் புரட்டிப் போடுகிற ஆள். தினம் அவர் கை வைக்கிற இடம் எது என்று யோசித்தேன். நியாயமாகப் பார்த்தால் அது நானாக இருந்திருக்க வேண்டும். இந்த வீட்டில் அது கார்.

காருக்கு மேலே மெல்லிய பிளாஸ்டிக்கில் கூடு ஒன்று இருக்கும், சிவப்புச் சாயம் பூசியது. நான் அதைத் தொப்பி என்பேன். குதித்துக் குதித்து அதில் விரிசல் விழுந்து, உட்பக்கம் முழுக்கக் கறுப்புத் துணி டேப் ஒட்டி வைத்திருந்தார். அவர் லாரிக்குப் போன நேரம் பார்த்து டேப்பை உரித்தேன், தகட்டை வைத்தேன், திரும்ப அழுத்தி ஒட்டினேன். ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை. மாதாவிடம் மட்டும் சொல்லி வைத்தேன். பெண்ணுக்குப் பெண் புரியும்.

அதற்கு அடுத்த ரேஸில் காருக்குக் கிறுக்குப் பிடித்தது.

கிட்டத்தில் சொன்னபடி கேட்கும். தூரத்து வளைவுக்குப் போனதும் சாமி வந்த மாதிரி இடது வலது என்று ஆடும், தானாக முழு வேகம் எடுக்கும், போய் வேலியில் மோதும். அதற்கு முந்தின ரேஸ்களில் முன்வரிசையில் வந்துகொண்டிருந்த மனுஷன் இரண்டு ரேஸ் வரிசையாகக் கடைசி. வீட்டுக்கு வந்து காரைப் பிரித்துப் பரப்பினார். முதலில் பேட்டரியைச் சந்தேகப்பட்டார், மாற்றினார். அலைவரிசையைப் பிடிக்கிற கிறிஸ்டல் என்று நகத்தளவில் ஒன்று உண்டு, அதை மாற்றினார். முன்சக்கரத்தைத் திருப்புகிற சின்ன மோட்டாரை மாற்றினார். பெரிய மோட்டாரில் பொறி பறந்து ரேடியோவைக் கெடுக்கிறதோ என்று அதற்குள் இருந்த கரித்துண்டுகளைச் சுரண்டித் துடைத்துப் போட்டார். ஒவ்வொரு தடவையும் பாதையில் என்னை நிற்க வைத்துச் சோதித்தார். ஒவ்வொரு தடவையும் கார் பசுமாடு மாதிரி அடக்கமாக இருந்தது. ஞாயிறன்று அம்பாங்கான் போனால் மறுபடி ஆட்டம்.

எனக்குத் தகடு ஞாபகமே வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். தகடு பிள்ளைக்கு, கார் கோளாறு காருக்கு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? நான் என்ன எலெக்ட்ரிக் படித்தவளா?

அந்த வாரம் மறுபடி ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தேன். அவர் காரை மடியில் வைத்துக்கொண்டு ஸ்குருவைத் திருகியபடி, "இசபெல், ஒரு பேச்சு பேசிக்குவோம். வர்ற ஞாயித்துக்கிழமை நான் ஃபைனலுக்குப் போயிட்டா, அப்புறம் நீ ஆயுசுக்கும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது" என்றார்.

"போகலன்னா?"

"திங்கக்கெழமை வர்றேன்."

"மாதா மேல சத்தியம்?"

"மாதா மேல சத்தியம். நீயும் பண்ணு."

பண்ணினேன். ஏன் பண்ண மாட்டேன்? வேலியில் மோதுகிற காரை வைத்துக்கொண்டு ஃபைனலுக்குப் போவதாவது! அன்றிலிருந்து என் புருஷன் தோற்க வேண்டும் என்று தினமும் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொன்னேன். அந்த வாரம் மாதிரி பக்தியாக நான் எப்போதும் ஜெபித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுவிட்டு நானும் அவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி உட்கார்ந்து அம்பாங்கான் போனேன். தோற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா? அங்கே கண்ணப்பன் மேசை போட்டு எங்களுக்கும் இடம் பிடித்து வைத்திருந்தான். சிரம்பானில் வட்டிக்கடை வைத்திருக்கும் செட்டியார் வீட்டுப் பிள்ளை. கடையில் உட்காரச் சொன்னால் இங்கே வந்து உட்கார்ந்திருப்பான். அவன் வீட்டிலும் இதே சண்டைதான். என்னைக் கண்டால் "அக்கா" என்று எழுந்து நிற்பான், பாவம்.

மூன்று சுற்று ஓட வேண்டும். அதில் எது நல்ல சுற்றோ அதை எடுத்துக்கொண்டு முதல் ஆறு காரை ஃபைனலுக்கு விடுவார்கள். முதல் சுற்றில் எங்கள் கார் மேட்டைத் தாண்டி அழகாகக் குதித்தது, தூரத்து வளைவுக்குப் போனது, ஆடியது, வேலி. அவர் ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடையிலிருந்தே கத்த ஆரம்பித்தார். "எவனோ என் கிறிஸ்டலைப் போட்டு ஓட்றான்! எல்லாரும் பெட்டிய ஆஃப் பண்ணுங்க!" இரண்டு பேருக்கு ஒரே அலைவரிசை என்றால் ஒருவர் காரை இன்னொருவர் பெட்டி இழுக்குமாம். ரேஸை நடத்துகிற மலாய் வாத்தியார் ஒவ்வொருவர் பெட்டியாகத் திறந்து காட்டச் சொன்னார். யாரிடமும் அது இல்லை. பல் டாக்டர் ஒருத்தர், சீனர், வேண்டுமென்றே பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிக் காட்டினார். வாத்தியார் இவர் தோளில் தட்டி, "சபார் லா, அபாங்" என்று பொறுமையாக இருக்கச் சொன்னார். எனக்கு மானம் போனது. ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷம்.

இரண்டாம் சுற்று அதைவிட மோசம். கார் வேலியைத் தாண்டிப் பறந்து, வாழைப்பழம் பொரித்து விற்கிற மலாய் அம்மாளின் மேசைக்கடியில் போய் உறுமிக்கொண்டு நின்றது. அந்த அம்மாள் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தாள். நான்தான் போய் மன்னிப்புக் கேட்டு, ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, காரையும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அவர் மேசையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். கண்ணப்பன் சொன்னான், "அண்ணே, எல்லாத்தையும் மாத்தியாச்சு. இனிமே மாத்தறதுக்கு ஒண்ணும் இல்ல. ஓட்டறவரைத்தான் மாத்தணும்."

"வாயை மூடுடா."

"பின்ன என்னாண்ணே? வீட்டுல நல்லா ஓடுதுங்கறீங்க, இங்க வந்தா..."

எனக்கு எரிச்சல். வெயில், செம்மண் தூசி, கையில் பொரித்த பழத்தின் எண்ணெய். பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்: "வீட்டுல தொப்பி இல்லாமதானே ஓட்டிப் பாக்கறீங்க? இங்கதானே தொப்பியப் போடறீங்க? அப்ப அதான் கோளாறு. இது தெரியாம ஒரு மாசமா என்னைய ரோட்டுல நிக்க வச்சு..."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. தொப்பி. தொப்பிக்குள்ளே தகடு. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை. அப்படியே பேச்சை மாற்றி, "பழம் சாப்பிடுங்க, சூடா இருக்கு" என்றேன். யார் கேட்கிறார்கள்?

கேப்ரியல் மெதுவாகத் தலையைத் தூக்கினார். காரின் தொப்பியைக் கழற்றிவிட்டு, கண்ணப்பனைக் காரும் தொப்பியுமாகத் திடலின் மறுகோடிக்கு ஓடச் சொன்னார். "திரும்புதா?" என்று கத்தினார். "திரும்புதுண்ணே!" தொப்பியை மாட்டச் சொன்னார். "திரும்புதா?" கண்ணப்பன் கையில் கார் வெட்டி வெட்டி இழுத்தது. இவர் தாவி ஓடிப்போய்த் தொப்பியைப் பிடுங்கி வந்து வெளிச்சத்தில் கவிழ்த்துப் பார்த்தார். டேப்பைக் கிழித்துக்கொண்டு செம்பின் ஒரு மூலை நகத்தளவுக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

உரித்தார். விபூதி உதிர்ந்தது.

"முனீஸ்வரன் தகடுண்ணே இது" என்றான் கண்ணப்பன், பக்தியோடு.

இவர் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். "உன் வேலையாடா? இந்த மேசையில வேற யாருடா இந்து? ஏண்டா, என்னைய ஜெயிக்க விடக் கூடாதுன்னா?"

"ஐயோ அண்ணே, எங்க வீட்டுல முருகர்ண்ணே! முனீஸ்வரன் தகடுக்கு நான் எங்க போவேன்?"

விட்டால் அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. "அவனை விடுங்க. நான்தான் வச்சேன்" என்றேன்.

கேப்ரியலுக்கு முதலில் புரியவே இல்லை. அப்புறம் புரிந்த மாதிரி முகம் போனது. "மாதா சபைத் தலைவி" என்றார். "பந்தயத்துல நான் தோக்கணும்னு முனியாண்டிகிட்ட போயிருக்க. மாதா மேல சத்தியம் பண்ணிக்கிட்டே ரேடியோவுல கைய வச்சிருக்க. அந்த ஏரியல் ஒயரு நான் ஒட்டுப் போட்ட எடம் உறையில்லாம பச்சையா கெடக்கு, தொப்பிய மாட்டுனா தகடு நேரா அதுமேல போய் உக்காருது. சிக்னல் எங்க வரும்? நல்லா யோசிச்சு வச்சிருக்கடி!"

"நீங்க பந்தயம் கட்டினது போன வாரம். கார் எத்தனை வாரமா ஆடுது?"

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"பின்ன எதுக்கு வச்ச?"

"பிள்ளைக்கு."

கண்ணப்பன் சட்டென்று குனிந்து, மேசைக்குக் கீழே விழாத ஸ்குருவைத் தேட ஆரம்பித்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்குமா? "நீங்க தினம் கை வைக்கிற எடத்துல வைக்கச் சொன்னாங்க. வச்சேன். எனக்கு ஒயரும் தெரியாது, சிக்னலும் தெரியாது. இந்தக் கார்ல நீங்க கழட்டிப் பாக்காத சாமான் ஒண்ணு சொல்லுங்க. பேட்டரி, கிறிஸ்டல், மோட்டாரு, ஸ்பிரிங்கு, எல்லாத்தையும் பாத்தாச்சு. எட்டு வருஷமா நம்ம வீட்டுல என்னைய மட்டும்தான் படுக்க வச்சுக் கழட்டிப் பாத்துக்கிட்டே இருக்காங்க. என்கிட்ட ஒண்ணும் இல்லன்னு சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு. அடுத்த சாமானை எப்பங்க பாப்பீங்க?"

பக்கத்து மேசைக்காரர்களுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று. வாத்தியார் கொட்டகையிலிருந்து, "லாகி சத்து மினிட்!" என்று மூன்றாம் சுற்றுக்கு ஒரு நிமிஷம்தான் இருக்கிறது என்று கூவினார்.

அவர் என்னைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். அதை வீசியெறியவில்லை. சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். "கண்ணப்பா, டேப்பு குடு" என்றார். ஒயரின் பச்சையான இடத்தில் டேப் சுற்றினார், தொப்பியை மாட்டிக் கொக்கி போட்டார், மேடைக்குப் போய்விட்டார். இந்த மனுஷனுக்குக் கழுத்தை நீட்டினேனே என்று இருந்தது.

இனி கார் நன்றாக ஓடும் என்று எனக்குத் தெரியும். ஓடினால் ஃபைனல். ஃபைனல் என்றால் ஆயுசுக்கும் வாயைத் திறக்க முடியாது. ஜெபமாலையை எடுத்தேன். தோற்கட்டும், தோற்கட்டும் என்று சொல்லிக்கொண்டே வேலிக்குப் போனேன்.

கார் கிளம்பியது. தூரத்து வளைவில் எல்லாரும் வேகத்தைக் குறைக்க, இது பின்பக்கத்தை லேசாக வழுக்கவிட்டு, செம்மண்ணை வாரி அடித்துவிட்டு நேராக வந்தது. மேட்டில் ஏறியது. நாலு சக்கரமும் ஒன்றாகத் தரையில் இறங்கியது. ஒரு துள்ளல் இல்லை, ஒரு ஆட்டம் இல்லை. எண்ணெய் சரியாக அமைந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. தடத்தை மறுபடி வளைய வரும்போது பல் டாக்டர் காரை உள்பக்கமாகத் தாண்டியது. "அப்படிப் போடுங்க!" என்று யாரோ தமிழில் கத்தினார்கள். நான்தான். ஜெபமாலை வேலியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் தட்டிக்கொண்டிருந்தன. என் கை என் பேச்சைக் கேட்கவில்லை.

ஐந்தாவதாக ஃபைனலுக்குப் போனார். ஃபைனலில் நான்காவதாக வந்தார். கண்ணப்பன் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். பல் டாக்டர் வந்து கைகொடுத்துவிட்டு, பெட்டியை மறுபடி ஒரு தடவை கவிழ்த்துக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சாப்பாட்டுப் பாத்திரங்களைப் பையில் அடுக்கினேன். தோற்றது நான் மட்டும்தான்.

மோட்டாரில் வீட்டுக்குத் திரும்பினோம். காரை அட்டைப்பெட்டியில் வைத்து எனக்கும் அவருக்கும் நடுவில் இடுக்கியிருந்தோம். சத்தியம் சத்தியம்தான். மாதாவிடம் ஏற்கெனவே ஒரு கணக்கு நிலுவையில் இருக்கிறது; இன்னொன்று தாங்காது. நாற்பது வயசு, ஐம்பது வயசு ஆகும், மயிலம்மாள் பேரப்பிள்ளைகளோடு வாசலில் நிற்பாள், நான் காரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாதையில் நிற்பேன் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

புக்கிட் புத்துஸ் மலை வளைவுகளில் ஏறும்போது அவர் காற்றுக்கு மேலே கத்தினார். "நாளைக்கு எத்தனை மணிக்குப் போவணும்?"

"எங்க?"

"எங்கன்னா? உனக்குத் தெரியாதா?"

"நான் எந்தப் பேச்சையும் எடுக்க மாட்டேன். சத்தியம் பண்ணிருக்கேன்."

மோட்டாரை ஓரமாக நிறுத்தினார். இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் செம்மண். "பெரிய சத்தியக்காரி" என்றார். "ஆஸ்பத்திரிக்கு. எனக்கு டெஸ்ட்டு எடுக்க. போதுமா?"

அந்த நேரம் பார்த்து எங்கள் தோட்டத்து லாரி ஒன்று மேலே ஏறி வந்தது. ஓட்டி வந்த அமிர்தலிங்கம் தலையை நீட்டி, "என்னா கேப்ரியல், பஞ்சரா?" என்றான்.

"ஆமாண்டா, போடா!" என்றார் இவர்.

லாரி வளைவில் மறைந்தது. மெதுவாகச் சொன்னேன்: "ஏழரைக்கெல்லாம் நம்பர் எடுக்கணும். நீங்க லீவு கேக்கலியே. இனிமே லீவு குடுக்கற கிராணியை எங்க போய்ப் பிடிக்கறது?"

"கேட்டாச்சு."

"எப்ப?"

"வெள்ளிக்கெழமை."

"வெள்ளிக்கெழமையா? தோத்துடுவோம்னு அப்பவே தெரியுமா?"

"யாருடி தோத்தது? நாலாவதா வந்துருக்கேன்!" மோட்டாரில் ஏறி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஜெயிச்சாலும் வர்றதாத்தான் இருந்தேன். தோத்துப் போயி, நீ இழுத்துக்கிட்டு வந்ததா இருக்கக் கூடாதுல்ல."

அடப்பாவி மனுஷா! வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் சொன்ன அத்தனை ஜெபமாலையும் வீண். அவர் முதுகில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன். பிறகு அட்டைப்பெட்டிக்கு மேல் சாய்ந்து அதே முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் முடிக்கும்வரை மோட்டாரைக் கிளப்பாமல் இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார்.